வலியைச் சொல்லத் தெரிந்த பிள்ளையாக அனுப்புங்கள்: இராணுவப் பயிற்சிக்குப் புறப்படுவோரின் குடும்பத்தாருக்கு

ஆள்சேர்ப்பு முகாம்கள் நடைபெறும் மாதங்களில் எங்கள் பொது மருத்துவப் புறநோயாளர் பிரிவின் வரிசையில் நோயில்லாத ஒரு கூட்டமும் சேர்ந்து நிற்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். உடன் தந்தையோ தாய்மாமனோ வந்திருப்பார். இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்-ரே ஆகியவற்றைப் பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரு சொல் கேட்டுச் செல்ல வருகிறார்கள். அண்மை ஆண்டுகளில் பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். பரிசோதனை முடிந்து எழுந்திருக்கும் வேளையில் தாய்மார் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: "பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்து அனுப்ப வேண்டும், டாக்டர்?" புறநோயாளர் பிரிவின் ஐந்து நிமிடத்திற்குள் அடங்காத அந்த விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் கீழ் இளைஞர்கள் நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்க்கப்படுகிறார்கள். தொடக்கப் பயிற்சியும் அந்த நான்காண்டில் அடங்கும். முடிவில் நான்கில் ஒரு பங்கினர் வரையே நிலையான பணியில் தொடர்வர். தரைப்படைக்குத் தேர்வான நம் பிள்ளைகளுள் சிலர் நீலகிரியின் வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திற்கும், ஏனையோர் தத்தம் பிரிவுக்கேற்ப நாட்டின் பிற மையங்களுக்கும் செல்கின்றனர். கடற்படைக்கு ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்கா; விமானப்படைக்குக் கர்நாடகத்தின் பெலகாவி. எங்குச் சென்றாலும் முதல் சில மாதங்கள் ஒரே தன்மையுடையவை: விடியுமுன் எழுதல், ஓட்டம், அணிநடை, சுமையுடன் நடை, குறைந்த உறக்கம், அறியாத மொழி, பழகாத உணவு.

இம்மாதங்களில் பிள்ளைகளுக்கு நேரும் உடற்கேடுகளுள் பெரும்பாலானவை திடீரென வருவன அல்ல. முன்னறிவிப்புத் தந்தே வருகின்றன. அந்த முன்னறிவிப்பை வெளியே சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் பழக்கம்தான் சிறு தொல்லையைப் பெருங்கேடாக்குகிறது. அப்பழக்கத்தை இராணுவம் கற்பிப்பதற்கு முன்பே வீடு கற்பித்துவிடுகிறது. "பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு" என்பதே நாம் வழியனுப்பும்போது சொல்லும் கடைசி அறிவுரையாக இருக்கிறது.

எலும்பு கேட்கும் அவகாசம்

1855ஆம் ஆண்டு பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைட்ஹவுப்ட் என்பவர், நெடுந்தூரம் அணிநடை சென்ற வீரர்களின் பாதங்களில் காணப்பட்ட வலியையும் வீக்கத்தையும் குறித்து எழுதினார். எவரும் விழவில்லை, அடிபடவுமில்லை. ஆயினும் கால் வீங்கிற்று. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அது பாதத்தின் நீள எலும்புகளில் ஏற்பட்ட முறிவு என்பது தெளிவாயிற்று. 'அணிநடை முறிவு' என்னும் பெயர் அப்படி வந்தது. இன்று பொதுவாக 'அழுத்த முறிவு' என்கிறோம்.

எலும்பு, நாம் எண்ணுவது போல், கல் அன்று. ஓயாமல் தன்னை இடித்துக் கட்டிக்கொள்ளும் உயிருள்ள திசு அது. புதிய சுமை வந்தால், முதலில் பழைய பகுதியைக் கரைத்து, பின்னரே வலுவான புதிய பகுதியைக் கட்டுகிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் வேலைக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதாவது பயிற்சி தொடங்கிய மூன்றாம் வாரத்தையொட்டி, எலும்பு முன்பிருந்ததைவிடச் சற்று நலிந்தே இருக்கும். அதே வாரங்களில்தான் ஓட்டமும் சுமையும் கூடிக்கொண்டே செல்கின்றன. தசைகளும் நுரையீரலும் விரைந்து பழகிவிடுவதால், "எனக்கு இப்போது எளிதாக இருக்கிறது" என்று பிள்ளை நினைக்கிறான். அவனுடைய எலும்பு அந்த வேகத்தில் பழகுவதில்லை.

முழங்காலுக்குக் கீழே முன்புறம் தடவினால் கையில் படுகிற கெட்டி எலும்பில்தான் இம்முறிவு மிகுதியாக நேர்கிறது. ஓடும்போது மட்டும் தோன்றி, ஓய்ந்தால் மறையும் வலி முதற்படி. நடக்கும்போதும் வலிப்பது அடுத்த படி. விரல் நுனியால் ஓரிடத்தைத் தொட்டு "இங்கேதான்" என்று சுட்டிக்காட்ட முடிந்தால் ஐயம் வலுக்கிறது. முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்-ரே எதையும் காட்டாமல் போகலாம். ஆகையால் "எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது, ஓடலாம்" என்று வீட்டிலிருந்தபடியே முடிவு செய்வது தவறு. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும். தொடக்கத்திலேயே ஓய்வளித்தால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் கால் தேறிவிடுகிறது. இடுப்பு மடிப்பில் அல்லது தொடையின் மேற்புறத்தில் வலி என்றால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. அது தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் தோன்றும் முறிவாக இருக்கலாம். அங்கே எலும்பு முழுவதும் விலகிவிட்டால் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். பிறகு படைப்பணி என்ற பேச்சே ஐயத்திற்கு உரியதாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் கொண்டுவரப்பட்ட ஓர் இளைஞனின் நிலை இதற்குச் சான்று. உடற்தகுதித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே முன்காலில் வலி. தார்ச்சாலையில் காலை, மாலை இரு வேளையும் ஓட்டம். தந்தையார் அன்பின் மிகுதியால், அருகிலிருந்த ஒருவரிடம் அழைத்துச் சென்று நாள்தோறும் வலி ஊசி போடச் செய்திருக்கிறார். ஊசியால் வலி தெரியவில்லை. ஆகவே இன்னும் ஓடினான். தேர்வு நாளன்று ஓட்டத்தின் நடுவே எலும்பு முழுவதுமாக முறிந்து விழுந்தான். எங்களிடம் வந்தபோது காலோடு சிறுநீரகமும் கெட்டிருந்தது. நீர் வற்றிய உடம்பில் வலி மருந்து தொடர்ந்து செல்வதால் நேரக்கூடியது அது. சிறுநீரகம் ஒரு வாரத்தில் மீண்டது. கால் கூட ஐந்து மாதமாயிற்று. அவ்வாண்டுத் தேர்வு போனது போனதுதான். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் குறை கூறவில்லை. இருவரும் அந்த வலியைத் தடையாகவே கருதினார்களேயன்றி, செய்தியாகக் கருதவில்லை.

தேர்வுக்கும் புறப்பாட்டுக்கும் இடையில்

நம் பிள்ளைகள் பெரும்பாலும் பயிற்சிக்கு ஆயத்தமாவதில்லை, தேர்வுக்கே ஆயத்தமாகிறார்கள். தரைப்படையின் உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிடத்திற்குள் ஓடினால் முழு மதிப்பெண். ஆகவே மாதக் கணக்கில் அந்த ஒரே ஓட்டம். தேர்ச்சி பெற்றதும் ஓட்டம் நின்றுவிடுகிறது. மருத்துவப் பரிசோதனை, இறுதிப் பட்டியல், அழைப்பு ஆணை என்று வாரங்கள், சில வேளை மாதங்கள் கழிகின்றன. உறவினர் வீடுகளில் விருந்து, நள்ளிரவு வரை கைப்பேசி, காலை ஒன்பது மணிக்கு விழிப்பு. பிறகு ஒரு நாள் இரயிலேறி, மறுவாரமே கனத்த பூட்ஸுடன் நாளெல்லாம் நிற்கவும் நடக்கவும் தொடங்குகிறான். எலும்பின் கணக்கில் அவன் சோம்பியிருந்தவனே.

இந்த இடைவெளிதான் குடும்பம் உதவக்கூடிய காலம். புறப்படுவதற்கு எட்டு வாரமாவது முன்னதாக, வாரத்தில் நான்கு நாள் மெதுவான ஓட்டம், மற்ற நாள்களில் வேக நடை, ஒரு நாள் முழு ஓய்வு என்று வகுத்துக்கொள்ளட்டும். தார்ச்சாலையைவிட மண் தரை நல்லது. தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். தூரம், வேகம், சுமை ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டலாகாது. கடைசி நான்கு வாரங்களில் பள்ளிப் பையில் நான்கைந்து கிலோ எடையை வைத்துக்கொண்டு நடக்கலாம். தேய்ந்த ஓட்டக் காலணியை மாற்றுங்கள். கெட்டியான தோல் காலணியையும் தடித்த உறையையும் வீட்டிலேயே அணிந்து நடந்து பழகியவனுக்குக் குதிகாலில் கொப்புளம் குறைவாகவே வரும். கொப்புளம் சிறியதுதான், ஆனால் அதற்கஞ்சிக் காலைத் திருப்பி வைத்து நடப்பவனுக்கு முழங்கால் வலி பின்னாலேயே வருகிறது.

உறக்கத்தையும் இப்போதே திருத்த வேண்டும். இரவு ஒன்பதரைக்குப் படுக்கை, காலை நான்கரைக்கு எழுச்சி என்பதை ஒரு மாதம் வீடு முழுவதும் கடைப்பிடித்தால் பிள்ளைக்கு எளிதாகும். தொலைக்காட்சி பத்தரை வரை ஓடும் வீட்டில் அவன் மட்டும் ஒன்பதரைக்கு உறங்க இயலாது. இதில் தாத்தா பாட்டியின் நெடுந்தொடர்களும் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கலாம்.

தட்டு, இரத்தம், தடுப்பூசி

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 59 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு இரத்தசோகை வராது என்ற நினைப்பு நம்மிடையே வேரூன்றியது. மூன்றில் ஒருவர் என்ற எண் அதை மறுக்கிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் காரணம் கண்டு மருத்துவம் செய்ய வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை ஹீமோகுளோபினைச் சரிசெய்ய ஓரிரு மாதமும், உடலின் சேமிப்பை நிரப்ப அதற்கு மேலும் ஆகும். புறப்படுவதற்கு முந்திய வாரம் வந்து கேட்டால் எங்களால் ஏதும் செய்ய இயலாது. மாத்திரையை எலுமிச்சைச் சாறுடன் உட்கொள்ளலாம். தேநீர், காப்பியுடன் கூடாது.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு பெரிய குவளைப் பாலில் 300 மில்லிகிராமளவு. கேழ்வரகுக் களி, தயிர், முட்டை, முள்ளோடு உண்ணும் நெத்திலி, கீரை, பயறு ஆகியவை அன்றாடத் தட்டில் இருந்தால் விலையுயர்ந்த மாவு டப்பாக்களுக்குத் தேவையில்லை. எடை கூட்டவோ தசை பெருக்கவோ உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது; அவற்றைத் தொடவே கூடாது. களைப்பு தெரியாமலிருக்க உதவுவதாகச் சொல்லப்படும் பொடிகளும் ஊக்க பானங்களும் இதயத்துடிப்பையும் உடல் வெப்பத்தையும் கூட்டிப் பயிற்சியின்போது ஆபத்தை விளைவிக்கின்றன.

பெண் பிள்ளைகளின் தாய்மாருக்குத் தனியே ஒரு சொல். கடும் பயிற்சியும் போதாத உணவும் சேர்ந்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே விடும். "பயிற்சியில் அப்படித்தான்" என்று தோழியர் ஆறுதல் சொல்வர். அந்நிலை நீடித்தால் எலும்பு நலிகிறது. அழுத்த முறிவு ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாக நேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று மாதம் வராமலிருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை வெட்கத்தை ஒதுக்கிவிட்டு இப்போதே மகளிடம் பேசிவிடுங்கள்.

தடுப்பூசியில் சின்னம்மையை மறவாதீர்கள். ஒரே கூடத்தில் பலர் சேர்ந்து உறங்கும் இடத்தில் அது விரைந்து பரவும். வளர்ந்தவர்களுக்குக் குழந்தைகளைவிடக் கடுமையாக வரும். நம் நாட்டு இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மை ஊசி இல்லாததால், தனியே போட்டுக்கொள்ளாத பிள்ளைகளே மிகுதி. சிறு வயதில் அம்மை வந்ததா என்பதைப் பெரியவர்கள் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். வராதிருந்தால், நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் வேண்டும். எனவே இதையும் இரண்டு மாதத்திற்கு முன்பே தொடங்க வேண்டும். பதினாறு வயதில் போடவேண்டிய தொண்டை அடைப்பான், தசைவிறைப்பு நோய்த் தடுப்பூசி விடுபட்டிருந்தால் அதையும் போட்டுவிடலாம். பல் சொத்தையை அடைத்துக்கொள்வதும் இப்போதே செய்யவேண்டிய வேலை.

மறைத்து அனுப்புதல்

இப்பகுதியை எழுதுவது எளிதன்று. ஆண்டுதோறும் சில பெற்றோர், "இவனுக்குச் சிறு வயதில் வலிப்பு வந்தது, அதைச் சீட்டில் எழுதிவிடாதீர்கள்" என்று கேட்கிறார்கள். இளைப்பு, மயக்கம், பொடுகு என்று நினைத்த காளாஞ்சகப்படை, ஒரு காதில் கேட்புக் குறைவு என வேறு சிலவும் உண்டு. அவர்களுடைய நிலை எனக்குப் புரிகிறது. பயிற்சிக் கழகத்திற்குக் கடன் வாங்கிக் கட்டிய பணம், தங்கையின் திருமணம், ஊரார் பேச்சு எல்லாம் அந்த ஒரு சீட்டில் தொங்குகின்றன.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். வலிப்பு உள்ளவனின் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி தரப்படும், உறக்கம் கெடும், உறக்கக் கேடே வலிப்பைத் தூண்டும். இளைப்பு உள்ளவன் புழுதியில் ஓடுவான். கையில் இழுப்பு மருந்து இராது. இருந்தால் கண்டுபிடித்துவிடுவர் என்று அதையும் விட்டெறிந்திருப்பான். பயிற்சியின்போது வெளிப்பட்டால் பணி நீங்கும்; வெளிப்படாமல் போனால் சில வேளை உயிர் நீங்கும். ஓடும்போது மயங்கி விழுந்தவன், அல்லது குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் திடீரென இறந்தவர் உள்ளவன், புறப்படுமுன் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் கட்டாயம் எடுக்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே வரும் மயக்கத்தை வெயிலின் மேல் போட்டுவிட்டுச் செல்லலாகாது.

குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு ஒருமுறை வந்த வலிப்பும், இன்று மாத்திரை உண்ணும் வலிப்பு நோயும் ஒன்றல்ல. பழைய இளைப்புகளிலும் பல வகை உண்டு. எது தடை, எது தடையன்று என்பதைப் படை மருத்துவரே முடிவு செய்வார். அவர் முடிவு செய்வதற்கு வேண்டிய உண்மையை மறைக்காதிருப்பதே குடும்பத்தின் கடமை. எந்த மருந்து ஒவ்வாது என்பதையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் பணப்பையில் வைத்து அனுப்புங்கள்.

வெப்பமும் நீரும்

உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கு, அதாவது பலரும் ஹீட் ஸ்ட்ரோக் என அறிந்த நோய், நடுப்பகல் வெயிலில் மட்டும் வருவதன்று. வெலிங்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ந்த இடம். அங்கும் கடுமையாக ஓடுபவனின் உடல் உள்ளே கொதிக்கக்கூடும். சில்கா போன்ற கடலோர ஈரக்காற்றில் வியர்வை காயாததால் ஆபத்து இன்னும் மிகுதி. உடல் புதிய வெப்பத்திற்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். குளிர்சாதன அறையில் உறங்கும் வழக்கமுள்ள பிள்ளை, கடைசி மூன்று வாரமாவது அதை விட்டு, மாலை வேளையில் ஓடிப் பழகட்டும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் ஓடுதல் கூடாது. சளிக்கும் தும்மலுக்கும் தரும் சில பழைய மாத்திரைகள் வியர்வையை அடக்கும். பேச்சுக் குழறல், தள்ளாட்டம், பொருந்தாத கோபம் ஆகியவை தோன்றினால் அது வெறுங்களைப்பன்று. அருகிலிருப்பவர் உடனே அவனை நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரில் நனைத்து உடல் வெப்பத்தைத் தணிக்க வேண்டும். வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தை வீணாக்கலாகாது. இதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினால் அவன் காப்பது பெரும்பாலும் பக்கத்துப் படுக்கைக்காரனையே. நீர் குடிக்கச் சொல்லும்போது அளவையும் சொல்லுங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் நீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து, வாந்தியும் மயக்கமும், வலிப்பும்கூட வரலாம்.

மனம்

முதல் இரண்டு, மூன்று வாரம் அழுகை வரும். வீரனாகப் போகிறவன் அழலாமா என்று கேட்பவர்கள் விடுதியில் தங்கிப் படித்ததில்லை என்று பொருள். கைப்பேசிக்குக் கட்டுப்பாடு இருக்கும். சப்பாத்தியும் பருப்பும் வேளைக்கு வேளை வரும். 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று கட்டளைகள் இந்தியில் ஒலிக்கும். புரியாமல் அரை நொடி தாமதித்தவனுக்குத் தண்டனை ஓட்டம் கிடைக்கும். மொழியறியாமையைப் பிள்ளைகள் தம் அறிவுக் குறைவென்று எண்ணிவிடுகிறார்கள். எண்கள், உடல் உறுப்புகள், 'வலிக்கிறது', 'தலை சுற்றுகிறது', 'தண்ணீர் வேண்டும்' என்பவற்றுக்கான இந்திச் சொற்களையாவது கற்று அனுப்புங்கள். ஊரில் ஓய்வுபெற்ற படைவீரர் எவரேனும் இருப்பார். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. அவரிடம் இரண்டு மாலை உட்கார வைத்தால், எங்கள் மருத்துவமனை தர இயலாத பாடம் கிடைக்கும்.

வழியனுப்பும் விழாக்களைப் பற்றி ஒரு கருத்து. தெருமுனையில் ஃபிளெக்ஸ் பலகை, மாலை, பட்டாசு, ஊர்வலம் எல்லாம் அன்பினால் செய்யப்படுபவை. ஆனால் அந்தப் பலகையிலிருக்கும் தன் முகத்தை நினைத்தே, கால் முறிந்தாலும் சொல்லாமலிருக்கும் பிள்ளைகள் உண்டு. திரும்பி வருதல் இழிவு என்னும் எண்ணத்தை ஊர் ஏற்றிவிடும்போது, அதை இறக்கிவைக்கப் பெற்றோரால்தான் முடியும். புறப்படும் நாளுக்குச் சில நாள் முன்னதாக, கூட்டமில்லாத ஒரு வேளையில் தந்தையே சொல்லட்டும்: "உடம்புக்கு முடியவில்லையென்றால் சொல்லிவிடப்பா. ஒரு மாதம் பின்தங்கினாலும் எனக்குக் குறைவில்லை. வீடு இங்கேயே இருக்கிறது." தாய் சொல்வதைவிடத் தந்தை சொல்வது இவ்விடத்தில் மிகுதியாகப் பலிக்கிறது, ஏனென்றால், பிள்ளை எதிர்பார்த்திராத வாயிலிருந்து அது வருகிறது.

பின்தங்குதல் பற்றிய அச்சம் கற்பனையன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோய்வாய்ப்பட்டுப் பல நாள் பயிற்சியைத் தவறவிட்டவரை அடுத்த அணியுடன் சேர்த்துவிடுவார்கள். நண்பர்கள் தேறிச் செல்ல, தான் மட்டும் மீண்டும் தொடங்குவது கசப்பானதே. நான்கில் ஒருவருக்கே பணி நீடிக்கும் என்ற கணக்கு அந்தக் கசப்பைக் கூட்டுகிறது. ஆயினும் முதல் வாரத்தில் சொன்ன கால்வலிக்கு இழப்பது சில வாரங்கள். ஆறாம் வாரம் வரை மறைத்த கால்வலிக்கு இழப்பது பணியாக இருக்கலாம். இந்த ஒப்பீட்டைப் பிள்ளையின் முன் வைத்துவிடுங்கள். முடிவை அவன் எடுக்கட்டும்.

தொலைபேசியில் பேசக் கிடைக்கும் சில நிமிடங்களில் வீட்டுச் சண்டையும் கடன் தவணையும் வேண்டாம். "சாப்பிட்டாயா" என்ற கேள்விக்கு எப்போதும் "சாப்பிட்டேன்" என்றே விடை வரும். "இன்றைக்குக் காலில் எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள்; வலி இருப்பது இயல்பே என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. பாட்டியின் மரணம் போன்ற பெருஞ்செய்திகளை மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை நான் ஏற்பதில்லை. விடுப்பில் வந்து, சுவரில் மாலையிட்ட படத்தைக் காணும் பிள்ளை, பிறகு தொலைபேசியில் "எல்லாரும் நலம்" என்று நீங்கள் சொல்வதை நம்பமாட்டான். அத்தகைய செய்தியைப் பயிற்சி மையத்தின் அலுவலகத்திற்குத் தெரிவித்து, பொறுப்பாளர் ஒருவர் அருகிலிருக்கச் சொல்லச் செய்யலாம்.

மூன்று, நான்கு வாரம் கடந்த பின்னும் உறக்கமின்மை, பேச்சே குறைதல், "நான் எதற்கும் பயனில்லை", "உங்களுக்கெல்லாம் பாரமாகிவிட்டேன்" என்பன போன்ற சொற்கள் வந்தால் ஊக்கமூட்டும் பேச்சால் அதை மூட முயலாதீர்கள். இறந்துவிடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடுவதில்லை. மையத்தின் அலுவலகத்தை அன்றே தொடர்புகொள்ளுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

முதல் விடுப்பில் பிள்ளை வீட்டிற்கு வந்ததும் காலணியைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு, நகம், குதிகால் ஆகியவற்றைப் பாருங்கள். முன்கால் எலும்பை இரு பக்கமும் அழுத்திப் பார்த்து, ஓரிடத்தில் மட்டும் முகம் சுளித்தால், விடுப்பு முடியும் வரை காத்திராமல் அந்த வாரமே அழைத்து வாருங்கள். பயிற்சி மையத்தில் தந்த மருத்துவச் சீட்டுகளையும், உட்கொண்ட மாத்திரைகளின் உறைகளையும் உடன் கொண்டு வந்தால் எங்களுக்கு வேலை எளிதாகும். நாங்கள் தரும் அறிக்கையின் ஒரு படியை அவன் திரும்பும்போது பையில் வைத்து, மையத்தின் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.